கால்வாசிப் பெட்டியும் தாரையின் மூக்கும்

பிள்ளையள், புதுசா வந்த உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி ஆய்வுகூடத்தில இருந்து கேட்டு விட்டிருக்கினம். புரோகிராமை எப்பிடி ஓடவிடுறது, எந்தக் கோப்பை எங்க வைக்கிறது எண்டதெல்லாம் நான் எழுதப்போறதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் பென்சன் எடுத்த பிறகு வாங்கின மெஷினை எந்தப் பக்கத்தால ஓன் பண்ணுறதெண்டே எனக்குத் தெரியாது. லிங்கநகரில வீட்டோட இருக்கிற மனுசியிட்டக் கேட்டால் கதைதான் கிடைக்கும். ஒரு மூக்கின்ர கதை சொல்லுறன். வாய் பொத்திக் கேளுங்கோ, இடையில ஃபோனைப் பாக்கிறேல்லை.

வேற பிரிவுகளில இருந்து வந்த பிள்ளையளுக்காக முதல்ல கொஞ்சம் விளக்கம். சில விண்மீன் கூட்டங்களின்ர நடுவில பெரிய கருந்துளை ஒண்டு இருக்கும். அதுக்குக் கிட்டவிருந்து வாயு மெல்லிய தாரையா, நினைச்சுப் பாக்கேலாத வேகத்தில வெளியில பாயும். அதைத் தொட்டுப் பாக்கவும் ஏலாது, நிப்பாட்டித் திரும்ப ஓடவிடவும் ஏலாது. அதால நாங்கள் கணினிக்குள்ள ஒரு பெட்டி கட்டுறம். பெட்டியைச் சின்னச்சின்னக் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் எவ்வளவு வாயு, என்ன வேகம் எண்டு போட்டு, பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு பாயுது எண்டு திரும்பத் திரும்பக் கணக்குப் பாக்கிறம். கேக்கச் சுகமா இருக்கும். ஆனா அந்த 'எவ்வளவு பாயுது' எண்டதைக் கணக்குப் பாக்கப் பல முறை இருக்கு. ஒரு முறை எல்லாத்தையும் கரைச்சு மெழுகிவிடும். இன்னொரு முறை கூர்மையாக் காட்டும், சிலவேளை இல்லாத முனையையும் சேத்துக் காட்டும். படத்தில தெரியிறதில எது வானத்தின்ர வேலை, எது எங்கட கணக்கின்ர வேலை எண்டு பிரிச்சுப் பாக்கிறதுதான் எங்கட சீவியம்.

இந்த ஆய்வுகூடத்தைத் தொடங்கின பெரியவரை நீங்கள் கண்டிருக்கமாட்டியள். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, விடுவம். சிக்கனத்தில அந்த மனுசனை வெல்ல ஆளில்லை. கன்டீனில ஒரு பணிஸ் வாங்கினால் கத்தியால நாலா வெட்டி நாலு பேருக்குக் குடுத்திட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சுத்தானே, வேலையைப் பாப்பம்" எண்டு எழும்பிப் போவார். எங்களுக்கு வயிறு புகையும், ஆனா அவரில கோவிக்க மனம் வராது.

அந்தக் காலத்தில மெஷின் சின்னன். கரண்ட் எப்ப நிக்குமெண்டு ஆருக்கும் தெரியாது. முழுத் தாரையையும் அதுக்குள்ள அடைக்கேலாது. பெரியவர் பணிசை வெட்டின மாதிரியே தாரையையும் வெட்டினார். தாரை ஒரு நேர்கோட்டில போகுது, அந்தக் கோட்டைச் சுத்தி நாலு பக்கமும் ஒரே மாதிரித்தானே இருக்கும்? அப்ப கால்வாசியை மட்டும் கணக்குப் போடு. வெட்டின முகம் ரெண்டிலயும் கண்ணாடிச் சுவர் வை. சுவரில முட்டின வாயு திரும்பி வரட்டும், அங்கால இருந்து அதே மாதிரி ஒண்டு வந்து முட்டினதெண்டு வைச்சுக்கொள். படம் கீறேக்க அந்தக் கால்வாசியை நாலு பக்கமும் திருப்பி ஒட்டி முழுத் தாரையாக் காட்டவும் ஒரு புரோகிராம் எழுதி வைச்சார். இதில களவொண்டும் இல்லை. உலகத்தில கனபேர் செய்யிற வேலைதான்.

பெரியவர் போன பிறகும் அந்தக் கால்வாசிப் பெட்டி எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. வந்தவை எல்லாரும் அதையே எடுத்து ஓடவிட்டினம். திரையில வாறது வடிவான முழுத் தாரை. அதை நாளும் பொழுதும் பாத்துப் பழகினதால, அதில முக்கால்வாசி ஒட்டுப்போட்டது எண்டதை ஒருத்தரும் நினைக்கிறேல்லை. கேட்டால் எல்லாருக்கும் தெரியும், ஆனா கேக்கத்தான் ஆளில்லை.

அந்த நேரத்திலதான் றிஸ்வான் வந்து சேந்தார். கிண்ணியா ஆள். பள்ளிக்கூடத்தில பௌதிகம் படிப்பிச்சுக் கொண்டிருந்தவர், நாப்பது வயதுக்குப் பிறகு கலாநிதிப் பட்டம் செய்யவேணுமெண்டு படிப்பு லீவில வந்தார், நான்தான் வழிகாட்டி. அந்த லீவு ஒருக்காத்தான் கிடைக்கும். முடியிறதுக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கவேணும், இல்லாட்டித் திரும்பப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன பிறகு இந்த ஆய்வை முடிச்ச ஒருத்தரையும் நான் அதுவரைக்கும் கண்டதில்லை. மனுசி சபீனா வீட்டில பின்னேர வகுப்பு எடுத்துக் குடும்பத்தைக் கொண்டிழுத்தா. சொந்தக்காரர் பட்டம் வாறதுக்கு முதலே "டொக்டர்" எண்டு கூப்பிடத் தொடங்கிட்டினம். "முழங்கால் நோவுக்கு என்ன பூசுற எண்டு மாமி கேக்கா மிஸ், நான் என்னத்தச் சொல்ல?" எண்டு என்னட்ட வந்து நிப்பார்.

தங்கமான மனுசன். கோவமே வராது, அதுதான் எனக்குக் கோவம். மெஷினில ஏத்தி ஓடவிடுற ஒவ்வொரு ரன்னையும் "பிஸ்மில்லாஹ்" சொல்லித்தான் தொடங்குவார். மெஷினைப் பாத்துக்கொண்ட குகன் சல்லி எண்ட ஊர்ப் பக்கத்துப் பொடியன், தேப்பன் கடலுக்குப் போறவர். அவன் வெள்ளிக்கிழமையில மெஷினுக்குத் திருநீறு பூசி விடுவான். ரெண்டு பேருக்கும் நடுவில அந்த மெஷின் நல்ல பாதுகாப்போடதான் இருந்தது. ஆனாலும் மழைக்கு ஒருக்கா நிண்டு போகும்.

றிஸ்வான்ர தாரையின்ர தலையில ஒரு மூக்கு வந்தது. வழமையாத் தாரையின்ர தலை வெளியில இருக்கிற வாயுவில முட்டி மொட்டையா விரியும். இவர்ட தாரையில நடுக்கோட்டில கூரா ஒண்டு முன்னுக்கு நீண்டு கொண்டு நிண்டது. தொலைநோக்கிப் படம் ஒண்டிலயும் அதே மாதிரி ஏதோ தெரிஞ்சது. வெளிநாட்டில இருந்த இணை வழிகாட்டிக்கு கால் நிலத்தில முட்டேல்லை. அந்த மூக்கு ஏன் வருதெண்டு றிஸ்வான் ஒரு விளக்கமும் எழுதினார். நல்ல விளக்கம், நானே வாசிச்சிட்டுத் தட்டிக் குடுத்தனான். ஆய்வேட்டின்ர நடு அத்தியாயமே அதுதான். லீவு முடிய இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது, எழுத்து வேலையும் கிட்டத்தட்ட முடிஞ்சுது.

மகாநாட்டில பேச முதல் எங்களுக்குப் பேசிக் காட்டச் சொன்னன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. யன்னலுக்கு வெளியில துறைமுகத்தில கோதுமைக் கப்பலொண்டு நிண்டது. குகன் பின் கதிரையில அரை நித்திரை. றிஸ்வான் ஒவ்வொரு ஸ்லைட்டாக் காட்டிக்கொண்டு வந்தார். ஒண்டில இப்பிடி எழுதியிருந்தது: 'மூக்கின் நீளம் நான்கு பக்கங்களிலும் தனித்தனியாக அளக்கப்பட்டது. நான்கு அளவீடுகளும் முற்றாக ஒத்துப்போகின்றன. எனவே பெறுபேறு மிகவும் நம்பகமானது.'

எனக்குக் குடிச்ச பிளேன்டி மூக்கால வரப் பாத்திட்டுது.

"றிஸ்வான், இந்த நாலு பக்கத்தையும் எதில இருந்து அளந்தனீங்கள்?"

"படக் கோப்புல இருந்து மிஸ். நாலையும் வேற வேறயாத்தான் அளந்த. கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்டா வந்திச்சு."

"கடைசி இலக்கம் வரைக்கும் ஏன் ஒண்டா வந்தது?"

"அது... தாரை அவ்வளவு சமச்சீரா..." எண்டு தொடங்கினவர் திரும்பித் தன்ர ஸ்லைட்டைப் பாத்தார்.

குகன் பின்னுக்கிருந்து, "ஐயையோ, ஒரே ஆளிட்ட நாலு கையெழுத்து வாங்கி நாலு சாட்சி எண்டிருக்கிறியள் சேர்!" எண்டான்.

பிறகு பாக்கவேணும் நாங்கள் சிரிச்ச சிரிப்பை. றிஸ்வான் கண்ணில தண்ணி வரச் சிரிச்சார். இப்பிடி ஒரு பிழை எங்கட கூட்டத்துக்கு மட்டும்தான் வரும். வேற ஆரும் கண்ணாடிக்குள்ள தெரியிற தன்னையே பாத்து, "ஓம், இவரும் என்னை மாதிரித்தான் சொல்லுறார்" எண்டு எழுதுவினமோ? அந்த ஸ்லைட்டை அங்கயே வைச்சு அழிச்சார். அதோட முடிஞ்சுதெண்டு நான் எழும்பினன். அவர் எழும்பேல்லை.

"மிஸ், அப்ப மூக்கு?"

"மூக்குக்கு என்ன?"

"மூக்கு நிக்கிற இடம் நடுக்கோடு. சுவர் ரெண்டும் சேர்ற இடமும் நடுக்கோடுதான்."

அவர் சொன்னது விளங்கிச்சுதோ பிள்ளையள்? நடுக்கோட்டுக்கு வாற வாயு மற்றப் பக்கம் தாண்டிப் போகேலாது, சுவர் விடாது. பக்கத்தால விலகவும் வழியில்லை. அப்ப அது என்ன செய்யும்? முன்னுக்குத்தான் போகும். அந்த மூக்கு வானத்தில இருக்கிற மூக்கோ, பெரியவர் பணிஸ் வெட்டின கத்தியின்ர அடையாளமோ? தெரியாது. இனித் தெரியாத மாதிரி இருக்கவும் ஏலாது.

சோதிச்சுப் பாக்க முழுப்பெட்டி போடவேணும். முழுப்பெட்டி அதே நுணுக்கத்தில எங்கட மெஷினுக்குள்ள அடங்காது. கட்டங்களைப் பெரிசாக்கினால் அடங்கும். "அப்ப பெரிசாக்கி ஓடவிடுவம்" எண்டு குகன் கீபோர்ட்டை இழுத்தான். றிஸ்வான் மறிச்சார்.

"பொறுங்க குகன். கட்டத்தப் பெரிசாக்கினா எல்லாம் மெழுகிப் போகும். மூக்கு இல்லாமப் போனா சுவர் இல்லாததால போனதா, மெழுகினதால போனதா எண்டு எப்பிடிச் சொல்ற?"

"அப்ப?"

"கால்வாசிப் பெட்டியையும் அதே பெரிய கட்டத்துல ஓட்டுவம். ரெண்டுக்கும் நடுவுல சுவர் மட்டும்தான் வித்தியாசமா இரிக்கணும்."

இந்த இடத்தில நிண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போறன். பதகளிப்பு வரேக்க மனுசர் ஒரேயடியா நாலைஞ்சை மாத்திப்போடுவினம். கட்டத்தை மாத்துவினம், முறையை மாத்துவினம், வேகத்தையும் கொஞ்சம் கூட்டுவினம். பிறகு படம் மாறினால் எது மாத்தினதெண்டு கடவுளுக்கும் தெரியாது. அந்த நேரத்தில தன்ர பட்டம் கையால வழுகிப் போற மனுசன் ஒண்டை மட்டும் மாத்துவம் எண்டு சொன்னார். நான் படிப்பிச்சதெல்லாம் இவருக்கு ஏறியிருக்கெண்டு எனக்குப் பெருமை. இல்லை, பொய் சொல்லக்கூடாது, அது அவரிட்ட இருந்த குணம்.

ரெண்டு ரன்னும் போட்டம். கால்வாசிப் பெட்டியில மூக்கு வந்தது. முழுப்பெட்டியிலயும் வந்தது! அச்சொட்டா அதே மூக்கு.

குகன் கதிரையில ஏறி நிண்டு கூத்தாடினான். கன்டீனுக்கு ஓடிப்போய் ஆளுக்கொரு முழு றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு நெஞ்சில இருந்த பாரம் இறங்கிச்சுது. "சேர், பிறகென்ன, கட்டி அனுப்புங்கோ. சபீனா அக்காவுக்குக் கோல் எடுங்கோ" எண்டு குகன் ஃபோனைக் கையில குடுத்தான். றிஸ்வான் ஃபோனை வாங்கினார், ஆனா கோல் எடுக்கேல்லை. திரையையே பாத்துக்கொண்டு நிண்டார். றோல்ஸ் ஆறிப்போச்சு.

"மிஸ், இதுல சுவர் இல்லத்தானே. அப்பயும் இடமும் வலமும் மயிரிழை பிசகாம ஒண்டா இரிக்கி."

"ஓம்."

"நாம ஒரு பக்கமும் சாயாமத் தள்ளி விட்டம். கணக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் போடுது. பிறகு எப்பிடி அது சாயும்? சாய்றதுக்கு அதுக்கு ஒரு காரணமும் இல்ல. வானத்துல அப்பிடி ஒரு தாரை இரிக்குமா?"

குகன் கதிரையால இறங்கினான். "சேர், உங்களுக்கு விசரோ? உலகத்தில ஒருத்தரும் இவ்வளவு தூரம் பாக்கமாட்டினம். முழுப்பெட்டி போட்டீங்கள், மூக்கு வந்தது, முடிஞ்சுது. எழுதுங்கோ." அவன் அப்பிடிச் சொன்னது சோம்பலில இல்லை பிள்ளையள். றிஸ்வான்ர பிள்ளையளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவன் அவன். லீவு எப்ப முடியுதெண்டு றிஸ்வானைவிட அவனுக்குத்தான் தெரியும்.

றிஸ்வான் என்னைப் பாத்தார். நான் என்னத்தைச் சொல்லுறது? சோதி எண்டு சொன்னால் மனுசன்ர கனவில நான் கை வைக்கிறன். விடு எண்டு சொன்னால் என்ர வாயால அதைச் சொல்லேலாது. "றிஸ்வான், என்ன செய்தாலும் நான் உங்களோட நிப்பன். ஆனா செய்யிறது நீங்கள்" எண்டன்.

அவர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தார். "ஒரு சின்னத் தட்டுத் தட்டுவம். தாரை வெளிக்கிடுற வாயில, கண்ணுக்கே தெரியாத அளவுல ஒரு ஆட்டம். எவ்வளவு எண்டு இப்பயே முடிவெடுப்பம். படத்தப் பாத்த பிறகு கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்." ஏனெண்டு விளங்குதுதானே? பலமாத் தட்டினால் எந்த மூக்கும் உடையும். பயந்து பயந்து தட்டினால் ஒண்டும் உடையாது. விருப்பப்பட்ட படம் வரும்வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தால் அது சோதனையில்லை, அது பேரம். அவர் ஒரு அளவைச் சொல்லி, பிஸ்மில்லாஹ் சொல்லி, ரெண்டு பெட்டிக்கும் அதே தட்டைக் குடுத்தார்.

கால்வாசிப் பெட்டியில மூக்கு மலை மாதிரி நிண்டது. முழுப்பெட்டியில முதல்ல நிண்டது, பிறகு மெல்ல ஒரு பக்கம் சாஞ்சது, மற்றப் பக்கம் சாஞ்சது, அப்பிடியே கலங்கி உடைஞ்சு தாரையின்ர தலை அகலமா, மொட்டையா விரிஞ்சு போச்சு. மூக்கைத் தாங்கிக்கொண்டு நிண்டது வானமில்லை, நாங்கள் போட்ட சமச்சீர்தான். குகன் எழும்பி வெளியில போனான். நான் பின்னால போய்ப் பாத்தன், மதிலைப் பாத்துக்கொண்டு நிண்டு அழுகிறான்.

இணை வழிகாட்டிக்கு எழுதினம். அவர் கெட்டவரில்லை, றிஸ்வானில இரக்கம். 'ஆய்வேட்டை இப்பிடியே குடுங்கள். இந்தச் சோதனையை ஒரு அடிக்குறிப்பில போட்டு, மேலதிக ஆய்வு தேவை எண்டு எழுதினால் போதும்' எண்டு பதில் வந்தது. அதை வாசிச்சிட்டு நான் போட்ட சத்தத்தில முத்தத்தில மேஞ்சு கொண்டு நிண்ட, ஊருக்குள்ள திரியிற மான் ரெண்டும் கேற்றுப் பக்கம் பாஞ்சுதுகள். நாலு பக்கத்தில ஒரு பதில் எழுத உக்காந்தன். றிஸ்வான்தான் தடுத்தார்.

"வேணாம் மிஸ், அவர் எனக்கு நல்லதுக்குத்தான் சொல்றார். ஆனா கீழ அடிக்குறிப்புல உண்மையப் போட்டா, மேல எழுதின அத்தியாயம் உண்மையாகிடுமா?"

றிஸ்வானைப் பிடிச்சு ரெண்டு குடுக்கவேணும் போலயும் இருந்தது, தலையைத் தடவிவிடவேணும் போலயும் இருந்தது. அடிக்குறிப்பைப் போட்டுக் குடுத்திருந்தால் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனா அவர் அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டார். அது போன பிறகு குடுக்க ஆய்வேடெண்டு ஒண்டு இல்லை. திருப்பிச் செய்ய லீவும் இல்லை.

"மிஸ், சபீனாக்கு நான் தனியாச் சொல்ல ஏலா. ஒருக்கா வருவீங்களா?" எண்டு கேட்டார்.

பஸ்சில பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனன். சபீனா இடியப்பமும் மீன் ஆணமும் செய்து வைச்சிருந்தா. ஃபிரிட்ஜ் கதவில அந்த மூக்குப் படம் ஒட்டியிருந்தது, எனக்கு அங்கால பாக்க மனமில்லை.

"என்ன ரெண்டு பேரும் மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி முகத்த வெச்சிட்டு இரிக்கிறீங்க? சொல்லுங்க."

றிஸ்வான் சொன்னார். சுவரைச் சொன்னார், தட்டினதைச் சொன்னார், லீவு முடியக்குள்ள குடுக்க ஏலாது எண்டதைக் கடைசியாச் சொன்னார். சபீனா கேட்டுக்கொண்டே இருந்தா.

"அப்ப இத்தின நாளா சோத்தப் பிசைஞ்சு போட்டு எழும்பிப் போனது இதுக்கா?"

"ஓம்."

"வேற ஒண்டும் இல்லயா? நெஞ்சுல நோவு கீவு ஒண்டும் இல்லயா?"

"இல்ல சபீனா, எனக்கு என்ன நோவு?"

"பெரிய வருத்தம் ஏதோ வந்திட்டு, எனக்கு ஒளிக்கிறீங்க எண்டு நான் ராத்தாட்ட அழுது, கொழும்புல டொக்டரட்டக் காட்ட நாளும் கேட்டு வெச்சிரிக்கன்!" எண்டு சொல்லிப்போட்டு அவ வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிட்டா. அழுது முடிச்சுக் கண்ணைத் துடைச்சிட்டுப் பேசத் தொடங்கினா பாருங்கோ, நான் வாய்க்காரி எண்டு நினைச்சிருந்தனான், அவவிட்ட நான் கை கட்டி நிக்கவேணும். "கம்பியூட்டர்ல ஒரு மூக்குப் போனதுக்குச் சோறு தின்னாமக் கிடந்த மனுசன நான் இப்பதான் பாக்கன்" எண்டா. பிறகு சத்தம் தணிஞ்சு, "எனக்குக் கவல இல்ல எண்டு சொல்ல மாட்டன். கவலதான். எல்லாருக்கும் நான்தான் சொல்லி வெச்ச. இனி எவ்வளவு காலம் போகும்?"

"தெரியா."

"சரி. சாப்பிடுங்க ரெண்டு பேரும்" எண்டு சாப்பாட்டுக் கோப்பையை வைச்சா. அண்டைக்கு றிஸ்வான் சாப்பிட்ட சாப்பாட்டில எனக்குக் கடைசியா ரெண்டு இடியப்பம்தான் மிஞ்சிச்சுது.

லீவு முடிஞ்சுது, அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாடை மாடையாப் பகிடி பண்ணினவையும் இருந்தினம். "டொக்டர் என்னமாதிரி, படிச்சு முடிஞ்சுதோ?" எண்டு ஸ்டாஃப் ரூமில கேப்பினமாம். அவர் சிரிச்சுப்போட்டு வகுப்புக்குப் போவார். சனி ஞாயிறில பாலம் தாண்டி எங்களிட்ட வருவார். மெஷின் சும்மா கிடக்கிற பெருநாள், பொங்கல், வெசாக் லீவு எல்லாத்திலயும் குகன் அவர்ட ரன்னை ஏத்தி விடுவான், கேட்டால், "மெஷின் தானா எடுத்தது மிஸ்" எண்டுவான். பிறகு அந்த இணை வழிகாட்டியே தன்ர பெரிய மெஷினில இடம் தந்தார். நான் அண்டைக்கு அந்தப் பதிலை அனுப்பாதது நல்லதாப் போச்சு.

மூக்கைத் தூக்கிப்போட்ட மனுசன் மூக்கையே ஆய்வுப்பொருளா எடுத்தார். சுவர் வைச்சால் எவ்வளவு நீளும், கட்டம் பெரிசானால் எவ்வளவு மழுங்கும், மெழுகிற முறை எதை ஒளிக்குது, கூர்மையான முறை எதைத் தானாச் செய்யுது, எவ்வளவு சின்னத் தட்டில உடையும். அவர்ட முதல் விளக்கத்தில ஒரு துண்டு தப்பிச்சுது, மிச்சமெல்லாம் போச்சு. இண்டைக்கு ஒரு தாரைப் படத்தை எடுத்தால், இதில இது வானம், இது கணக்கு எண்டு விரல் வைச்சுக் காட்ட ஓரளவுக்கு ஏலுமெண்டால் அவர் அந்த வருசங்களில பாத்த வேலையாலதான். நீங்கள் ஓடவிடுற முழுப்பெட்டியில தொடக்கத்திலயே ஒரு சின்ன ஆட்டம் இருக்கே, அது ஆர் வைச்சதெண்டு இப்ப விளங்கும்.

கடைசியா வாய்மொழிப் பரீட்சை வந்தது. எங்கட அதே அறைதான். சபீனா பின் கதிரையில, பக்கத்தில குகன், ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்காமல் நகம் கடிச்சுக்கொண்டு. வெளியில இருந்து வந்த பரிசோதகர் கறாரான மனுசன். ஆய்வேட்டின்ர முதல் படமே அந்தப் பழைய மூக்குத்தான், கீழ 'இது தவறானது' எண்டு போட்டிருந்தது. எல்லாக் கேள்வியும் கேட்டு முடிச்சிட்டு அவர் அந்தப் படத்துக்குத் திரும்பினார்.

"நேராக் கேக்கிறன். இதை அப்பவே குடுத்திருந்தால் ஒருத்தரும் பிடிச்சிருக்கமாட்டம். நானும்தான். அது உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"பட்டமும் அப்பவே கிடைச்சிருக்கும்."

"ஓம் சேர்."

"பிறகேன் இவ்வளவு வருசம்?"

றிஸ்வான் நல்ல பதிலொண்டு சொல்லப்போறார் எண்டு நான் முன்னுக்குச் சாஞ்சன். விஞ்ஞானம், நேர்மை எண்டு ஏதாவது. அவர் கேள்வியே விளங்காத மாதிரி அந்த மனுசனைப் பாத்தார்.

"நான் கண்டுட்டனே சேர்."

பரிசோதகர் ஆய்வேட்டை மூடிப்போட்டு, கையெழுத்து வைக்கப் பேனையைத் தேடினார்.